சோத்துக் கை

முனீப் மேசனின் இடக்கைக்கு ஒரு காலத்தில் கிண்ணியாவில் தனி மதிப்பு இருந்தது. அவரும் ஹஸன் மேசனும் சேர்ந்து சுவர் பூசினால், ஒருவர் இந்த அந்தத்திலிருந்தும் மற்றவர் அந்த அந்தத்திலிருந்தும் வருவார்கள். ஹஸன் வலக்கைக்காரர், முனீப் இடக்கைக்காரர். மற்ற மேசன்மார் உடம்பை வளைத்து நெளித்து முனகுகிற மூலையில் இவர்கள் இரண்டு பேரும் ஆளையாள் பகிடி பண்ணிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்கள். வீடு கட்டுகிறவர்கள் இரண்டு பேரையும் சோடியாகத்தான் கேட்பார்கள்.

"எனக்குத் தொழில் வரும், இவனுக்குப் பீச்சக்கை வரும்" என்பார் ஹஸன்.

"பீச்சக்கை பூசின பக்கத்தை ஊட்டுக்காரன் தடவிப் பாக்கிறான். உண்ட பக்கத்தைப் பாத்திட்டு இன்னொருக்காப் பூசச் சொல்றான்" என்பார் முனீப்.

இன்று அந்தக் கையால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி வாய்வரை கொண்டுபோக முடியாது. பாதி வழியில் மணிக்கட்டுக்குள் ஏதோ கொளுவும். கோப்பை சரியும். அது தன் வேலைக் கை என்பதை அரசாங்கத்துக்கு விளங்கப்படுத்த அந்த மனிதன் பட்ட பாட்டைக் கேட்டால், கல்லுக்கும் கோபம் வரும்.

அந்தக் கைக்கு முதல் தண்டனை கிடைத்தது சோற்றுக்கு முன்னால். சின்ன வயதில் முனீப் சோற்றுப் பீங்கானை நோக்கி இடக்கையை நீட்டினார். உம்மா ஆமினா அதில் அகப்பைக் காம்பால் ஒன்று போட்டாள். அடுத்த நேரமும் அதே கை நீண்டது. அடுத்த நாளும். கடைசியில் ஒரு பழைய சாரத்தைக் கிழித்து, சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இடக்கை ஷைத்தானின் கை என்று அவளுக்கு யாரோ சொன்னார்கள், அவர்களுக்கு வேறு யாரோ சொன்னார்கள். இந்த ஒரு விசயத்தில் கோவிலும் பள்ளிவாசலும் ஒரே குரலில் பேசும். சல்லி ஊர்க் கோவிலில் இடக்கையால் திருநீறு வாங்கிய பிள்ளையின் முதுகிலும் இதே அடிதான் விழுந்தது. ஒரு பிள்ளைக்கு எந்தக் கை முன்னுக்கு வரும் என்பது மூளையின் அமைப்பு. அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கண்ணின் நிறத்துக்கு யாராவது பிள்ளையை அடிப்பார்களா? கைக்கு அடித்தார்கள். இன்றும் அடிக்கிறார்கள்.

பிறகு பள்ளிக்கூடம். அங்கே எழுதுகோலைப் பிடித்த இடக்கையில் வாத்தியார் கோடு போடுகிற அடிமட்டத்தின் விளிம்பு விழுந்தது. முனீப் அதிலும் தோற்றார். சோறும் எழுத்தும் வலக்கைக்குப் போயின. ஆனால் கல்லெறிய, மாங்காய் வெட்ட, கிரிக்கெட் மட்டை பிடிக்க, பிறகு மேசன் கரண்டி பிடிக்க, கை தன் எண்ணத்துக்கே நடந்தது. அடி விழுந்த இரண்டு இடங்களில் மட்டும் அது அடங்கியது. மற்ற எல்லா இடத்திலும் அது முனீபின் கையாகவே இருந்தது.

யுத்த காலத்தில் ஊர்காவல் படைக்கு ஆள் எடுத்தார்கள். பகலில் சுவர் பூசிய முனீப் இரவில் காவலுக்குப் போனார். துவக்கை இடத்தோளில் வைத்ததைக் கண்ட சார்ஜன்ட் சிங்களத்தில் தாயையும் தகப்பனையும் சேர்த்துத் திட்டினார். வலத்தோளுக்கு மாற்றிச் சுடச் சொன்னார். குறியிருந்த தகரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. "சரி, உன் விருப்பப்படி சுட்டுத் தொலை" என்று அவர் விட்டுவிட்டார். துப்பாக்கிக்கு மதமும் இல்லை, அடிமட்டமும் இல்லை. எந்தக் கையால் குறி சரியாகப் படுகிறதோ அதுதான் அதற்குக் கை. முனீபின் வாழ்க்கையில், பூச்சு வேலைக்கு வெளியே, அந்தக் கையை அது இருக்கிறபடி ஏற்றுக்கொண்ட முதல் இடம் ஒரு படைமுகாம் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டிருந்த ஒரு மழைநாளில் காவல் கோபுரத்தின் ஏணி இற்று விழுந்தது. முனீப் அதிலிருந்தார். விழுகிற மனிதன் யோசிப்பதில்லை. இடக்கை நீண்டு மண்ணில் ஊன்றியது. முகாமில் தைலம் பூசித் துணி சுற்றினார்கள். "சுளுக்கு" என்றார்கள். ஷெல் விழுகிற நாட்களில் சுளுக்குக்கு யார் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள்? அவரும் மறுநாள் காவலுக்குப் போனார்.

அது சுளுக்கு இல்லை. மணிக்கட்டுக்குள், பெருவிரலின் அடியில், முந்திரிக்கொட்டை அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. அதற்கு இரத்தம் ஓடுவதே குறைவு. வெடித்தால் தானாகப் பொருந்தாது. பொருந்தாமல் கிடந்து, பக்கத்து எலும்புகளை அரைக்கத் தொடங்கும். வெளியே வீக்கம்கூடத் தெரியாது. முனீபின் கைக்குள் அந்த அரைப்பு வருடக்கணக்காக நடந்தது. யுத்தம் முடிந்தது, படையிலிருந்து விலகினார், சுவர் பூசிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாந்தோடு தூக்கிய கரண்டி கையிலிருந்து நழுவி ஹஸனின் காலில் விழுந்தது. ஹஸன் அன்று பகிடி பண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்த வைத்தியர், இது பழைய வெடிப்பு, அந்த நாளிலேயே கட்டியிருந்தால் ஆறியிருக்கும் என்றார்.

கடமையில் காயப்பட்டவர்களுக்குக் கொடுப்பனவு உண்டு. முனீப் விண்ணப்பித்தார். ஏணி விழுந்ததற்கு முகாமின் பதிவு இருந்தது. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. மருத்துவ சபைக்கு வரச் சொன்னார்கள். சிக்கல் அங்கே, ஒரு சொல்லில் இருந்தது.

சபையின் தலைவி ஒரு சிங்கள வைத்தியர். பக்கத்தில், அவர் கேட்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, சிவபாதம் என்ற எழுதுவினைஞர் இருந்தார், திருகோணமலை லிங்கநகர்க்காரர். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். வைத்தியர் சிங்களத்தில் கேட்டது, நீங்கள் பிரதானமாகப் பாவிக்கிற கை எது என்று. வேலைக் கை கெட்டால் இயலாமை விகிதம் கூடுதல், மற்றக் கை கெட்டால் குறைவு. அதற்காகத்தான் அந்தக் கேள்வி. சிவபாதம் அதைத் தமிழில் சுருக்கினார்.

"உங்கட சோத்துக் கை எது?"

நம்முடைய வீடுகளில் வலக்கைக்குப் பெயரே சோத்துக் கைதான். 'சோத்துக் கை எது' என்றால் 'வலக்கை எது' என்று அர்த்தம். இடம் வலம் தெரியாத பாலர் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. இது என்ன கேள்வி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே முனீப் வலக்கையை உயர்த்தினார். வேறு எதை உயர்த்துவது?

முடிவு வந்தது. காயப்பட்ட கை பிரதானக் கை அல்ல. ஆகவே விகிதம் போதாது. ஆகவே கொடுப்பனவு இல்லை. விரும்பினால் ஒரு தடவை மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு வழியில்லை.

அடித்து அடித்து ஒரு கையைச் சோற்றிலிருந்து விலக்கினார்கள். பிறகு அந்தக் கை சோற்றில் இல்லை என்பதையே அதற்கு எதிரான சாட்சியாக வைத்தார்கள். இதைவிடக் கேவலமான நீதி உலகத்தில் எங்காவது இருக்குமா?

அவருடைய மனைவி ரபீக்கா இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். முனீப் வேலை விட்ட பிறகு வீட்டின் அடுப்பு அவளுடைய இடியப்ப உரலில்தான் எரிந்தது. முடிவைக் கேட்டதும் அவள் பிழிந்துகொண்டிருந்த உரலைக் கீழே வைத்தாள்.

"இவருட கை எது எண்டு அந்த ஆக்களுக்குத் தெரியாதாமா? எனக்கிட்டக் கேக்கச் சொல்லுங்க. கலியாணம் முடிச்ச நாளில இருந்து எண்ட கன்னத்தைத் தடவினது எந்தக் கை எண்டு நான் வந்து சொல்றன்."

"வெக்கம் கெட்டவளே, தம்பி நிக்கிறான்" என்றார் முனீப்.

தம்பி என்றது ரபீக்காவின் தம்பி சரீபை. முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், அரசாங்கக் கந்தோர்களின் குணம் தெரிந்தவன். வாசலில் நின்றபடியே சொன்னான்:

"மச்சான், இதுக்கு ஒரு சொல்லுத்தான் மருந்து. அடுத்த தரம் கேட்டா, பீச்சக்கையாலதான் சோறு திங்கிறனான் எண்டு சொல்லுங்க. ஆரு உங்கட ஊட்ட வந்து பீங்கானை எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் அப்பிடித் திங்கிறல்லையே."

"அது உங்களுக்குத் தெரியும், அல்லாவுக்குத் தெரியும். கந்தோருக்குத் தெரியாதே!"

முனீபுக்கு முகம் சிவந்தது. "அந்தக் கையால திங்காத எண்டு கட்டிவெச்சு அடிச்சாங்க. அடிக்குப் பயந்து மாத்தினன். இப்ப காசுக்குப் பயந்து திருப்பி மாத்தினன் எண்டு சொல்லவா? ஒரு பிடி சோத்தை ஒரு மனிசன் எத்தின தரம்டா கை மாத்தி மாத்தித் திங்கிற?"

"சரி, கோவிக்காதீங்க. தோத்திட்டு வாங்க, நான் உங்கள இலவசமா ஏத்திட்டு வாறன்."

"ஏத்த வேணாம். பஸ் இருக்கி."

பொய் சொல்லச் சொல்லி ரபீக்காவுக்கும் வாய்வரை வந்தது. அடுப்பைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள், உரலை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.

மேன்முறையீட்டு நாளில் இரண்டு பேரும் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் திருகோணமலை நகரத்துக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் இரண்டு யாரோ எறிந்த வாழைப்பழத் தோலுக்கு முண்டிக்கொண்டு நின்றன. நேரம் செல்லும் என்று ரபீக்கா சோற்றுப் பார்சல் கட்டி வந்திருந்தாள். உதவிக்கு வந்தவள் என்று அவளையும் அறைக்குள் கதவோரம் இருக்க விட்டார்கள்.

அதே வைத்தியர் அம்மா. அவருக்கு வலப்புறம், படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி, வெள்ளைச் சேட்டில். இடப்புறம் சிவபாதம். வைத்தியர் பழைய கேள்வியைச் சிங்களத்தில் கேட்டார். சிவபாதம் பழைய தமிழில் சொன்னார்.

"உங்கட சோத்துக் கை எது?"

முனீப் எந்தக் கையையும் உயர்த்தவில்லை.

"காக்கா, விளங்கேல்லையோ? ஒரு கையைத் தூக்குங்கோ, காணும்." முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற சொல்லால் கூப்பிட்டுக் கேட்டார் சிவபாதம்.

"ஐயா, உங்கட ஊட்ட சோத்துக் கை எண்டா எது?"

"வலக்கை."

"உங்கட பெஞ்சாதிக்கு?"

"அவவுக்கும் வலக்கைதான். இதென்ன கதை?"

"பீச்சக்கையால பந்து போடுற ஒரு பொடியனக் கூப்பிட்டுக் கேட்டா? அவண்ட சோத்துக் கை எது?"

சிவபாதம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அவனுக்கும்... வலக்கைதான்."

"அப்ப எல்லாருக்கும் அது வலக்கையெண்டா, எது எண்டு என்னட்டக் கேக்கிறது என்ன கேள்வி ஐயா?"

சிவபாதத்தின் குரல் இறங்கிவிட்டது. "காக்கா, நான் இந்தக் கதிரைக்கு வந்த நாளில இருந்து எல்லாரிட்டையும் இப்பிடித்தான் கேக்கிறனான். ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை."

"சொல்ல மாட்டாங்க. எல்லாரும் வலக்கையைத் தூக்கியிருப்பாங்க."

அந்த அறையில் அதைவிடப் பெரிய உண்மை ஒருநாளும் பேசப்பட்டிருக்காது. எத்தனை வருடங்களாக எத்தனை இடக்கைக்காரர்கள் அந்தக் கதிரையில் இருந்து, மரியாதையாக வலக்கையைத் தூக்கிக் காட்டி, வெறுங்கையோடு வீடு போனார்கள்? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசரமும் இல்லை. கொல்லுகிற அநியாயம் மட்டும்தான் அநியாயம் என்று நினைக்கிற நாட்டில், ஒரு சொல்லின் சோம்பலால் மனிதர்கள் பட்டினி கிடந்ததை யார் கணக்கெடுப்பார்கள்?

"என்ன சொல்கிறார்?" என்று வைத்தியர் கேட்டார்.

முனீப் முதலில் வலக்கையைத் தூக்கினார். "சோறு திண்ட கை இது." பிறகு இடக்கையை, வலக்கையால் தாங்கியபடி தூக்கினார். "சோறு போட்ட கை இது. டொக்டரம்மாவுக்கு எது வேணுமெண்டு கேட்டுச் சொல்லுங்க."

சிவபாதம் தடுமாறினார். சிங்களத்தில் அதற்குச் சொல் தேடினார். ஆனால் இந்தத் தடவை சுருக்கவில்லை. தான் இவ்வளவு காலமும் என்ன கேட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதற்காக அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். வைத்தியர் பேனையை வைத்துவிட்டு முனீபை முதல் தடவையாக நேரே பார்த்தார்.

அந்த நேரம்தான் வெள்ளைச் சேட்டு அதிகாரி ஒரு தாளையும் பேனையையும் முனீப் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைக்கும்படி சைகை காட்டினார்.

முனீப் வலக்கையால் பேனையை எடுத்தார். பள்ளிக்கூடம் அடித்துப் பழக்கிய கை, அது பழக்கியபடியே எழுதியது. கோணலான எழுத்து. அதிகாரி தாளை எடுத்து வைத்தியருக்குக் காட்டிச் சிரித்தார். சிங்களத்தில் சொன்னார்: "பார்த்தீர்களா? வலக்கையால் எழுதுகிறான். பொய்க்காரன். இவர்கள் எல்லோரும் இப்படித்தான்."

முனீபுக்கு முகாமில் பழகிய சிங்களம் இருந்தது. வைத்தியரின் புத்தகச் சிங்களம் பிடிபடாது, திட்டுகிற சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

அகப்பைக் காம்பு, சாரத் துண்டு, அடிமட்டம், ஏணி, தைலம், நழுவிய கரண்டி, சிரித்துக்கொண்டே தூக்கிய வலக்கை. எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன. சோற்றைக் கற்றுக்கொடுக்க உம்மா இருந்தாள், எழுத்தைக் கற்றுக்கொடுக்க வாத்தியார் இருந்தார். கோபத்துக்கு யாரும் கை மாற்றிக் கற்றுக்கொடுக்கவில்லை.

முனீப் மேசையில் ஓங்கி அடித்தார். இடக்கையால்.

தண்ணீர்ப் போத்தல் துள்ளி விழுந்தது. அடியின் சத்தத்துக்குள் இன்னொரு சின்னச் சத்தம், காய்ந்த சுள்ளி முறிவதுபோல். முனீபின் முகம் வெளிறியது. கை மேசையிலேயே கிடந்தது, எடுக்க முடியவில்லை.

"அல்லாஹ்! அந்தக் கையாலயா அடிச்சீங்க?" ரபீக்கா கதவோரத்திலிருந்து ஓடிவந்தாள். "பாழாப்போனவங்களே, பாத்திட்டீங்களா? இப்பவாவது கண் தெரிஞ்சிதா?"

அதற்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

"இது நடிப்பு" என்றார் அதிகாரி. ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

வைத்தியர் எழுந்து வந்து முனீபின் கையைத் தொட்டார். வியர்வை வழிகிற நெற்றியைப் பார்த்தார். "நடிக்கிறவன் நல்ல கையால் அடிப்பான்" என்றார் சிங்களத்தில். பிறகு போய் இருந்து, பழைய பதிவை வெட்டி, புதிதாக எழுதினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது இன்னொரு எலும்பும் வெடித்திருந்தது. முழங்கைக்குக் கீழே தொடங்கிப் பெருவிரல் முழுவதையும் மூடி பிளாஸ்டர் கட்டுப் போட்டார்கள். முறிந்த கையை இன்னொரு தடவை முறித்துக் காட்டிய பிறகுதான் அரசாங்கம் அதைக் கை என்று நம்பியது.

மேன்முறையீடு ஏற்கப்பட்டது என்று தகவல் வந்தபோது கட்டு இன்னும் கழற்றப்படவில்லை. மறுபடியும் பஸ், மறுபடியும் பாலம், மறுபடியும் ரபீக்காவின் கையில் சோற்றுப் பார்சல். இந்தத் தடவை வேறு கந்தோர், கொடுப்பனவுக்குப் பதிகிற இடம். யன்னலுக்கு அப்பால் யசோதரா என்ற இளம் எழுதுவினைஞர், நல்ல பிள்ளை, பணிவாகப் பேசினாள். கையெழுத்து வாங்கினாள். பிறகு மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"ஐயா, விரல் அடையாளமும் வேணும். ஆம்பிளையளுக்கு இடக்கைப் பெருவிரல்."

முனீப் பிளாஸ்டர் கட்டைத் தூக்கி யன்னலில் வைத்தார்.

யசோதரா அதைப் பார்த்தாள். "அப்ப... கட்டைக் கழட்டின பிறகு வாங்கோ ஐயா."

"இந்தா, வலக்கை விரல் சும்மா இருக்கி. எடுங்க."

"ஏலாது ஐயா. இடதுதான் எடுக்கச் சொல்லியிருக்கு."

"என்ன சொல்லியிருக்கு?"

"இடது, ஐயா."

முனீபுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு கேட்பவருக்கு நல்லதாகப் படாத சிரிப்பு. "மகள், வருசக்கணக்கா இந்தக் கை ஒரு கையே இல்லை எண்டு எழுதினாங்க. இதால சோறு திங்கப்படாது, இதால எழுதப்படாது. இப்ப மை தேய்க்க மட்டும் உங்களுக்கு இந்தக் கைதான் வேணுமா?"

"நான் என்ன செய்ய ஐயா? சட்டம் அப்பிடித்தான் கிடக்கு."

"சட்டத்துக்கு எந்தக் கை எண்டு கேட்டுச் சொல்லுங்க."

ரபீக்கா பின்னாலிருந்து ஒரு கதிரையை இழுத்து வந்து யன்னலுக்கு முன்னால் போட்டாள். இன்னொன்றையும் இழுத்தாள். "இருங்க" என்றாள் கணவனைப் பார்த்து. "நாங்க இஞ்சதான் இருக்கிறம், மகள். நீங்க உங்கட பெரியவரைக் கூப்பிடுங்க. அவர் வரக்குள்ள வரட்டும்."

பார்சலைப் பிரித்தாள். கீரிமீன் குழம்பின் வாசம் கந்தோர் முழுக்கப் பரவியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனீப் பிளாஸ்டர் கையை மைப்பெட்டிக்குப் பக்கத்தில், யன்னல் பலகையிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சோற்றைப் பிசைந்தார். அவசரமில்லாமல் ஒரு பிடி எடுத்தார். மென்றார். யசோதராவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"சேர், கொஞ்சம் வாறீங்களா? இஞ்ச ஒருத்தர் யன்னலில இருந்து சோறு சாப்பிடுறார்."

"எந்தக் கையால எண்டும் சேத்துச் சொல்லுங்க, மகள்" என்றாள் ரபீக்கா. "பிறகு அதையும் பிழையா எழுதிப்போடுவாங்க."